செயல்முறைச் சொத்துப் பட்டியல்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் லேப்டாப்புகளை எண்ணச் சொன்னால் அரை நாளில் முடித்துவிடலாம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கர் இருக்கும். ரிலீஸை எந்த வரிசையில் வெளியே அனுப்புகிறோம், எஸ்டிமேட் எப்படிப் போடுகிறோம், நள்ளிரவில் சர்வர் விழுந்தால் முதலில் எதைத் தொடுகிறோம் என்பதையெல்லாம் எண்ணச் சொன்னால்தான் தலை சுற்றும். ஐஎஸ்ஓ ஆடிட், முதலீட்டாளரின் ஆய்வு, கம்பெனி கைமாறுவது என்று ஏதாவது ஒன்று நெருங்கும்போது இவற்றைப் பட்டியல் போடும் வேலை குவாலிட்டி டீமில் யாராவது ஒருவர் தலையில் விழும். அவருக்காக எழுதியது இது.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பட்டியலில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எது என்றே தெரியாவிட்டால் ‘ஒரே பொருளுக்கு மூன்று துறை மூன்று பெயர் சொல்கிறது’ என்ற பகுதியில் தொடங்குங்கள். நான் பார்த்தவரை பாதிச் சிக்கல் அங்கேதான்.

பட்டியல் நீண்டுகொண்டே போகிறது

விக்கியில் இருக்கும் பக்கங்களையெல்லாம் எடுத்து எக்செலில் கொட்டியிருப்பீர்கள். ‘ரிலீஸ் செக்லிஸ்ட்’, ‘ரிலீஸ் செக்லிஸ்ட் புதியது’, ‘ரிலீஸ் செக்லிஸ்ட் ஃபைனல் 2’ மூன்றும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். கூடவே போன வருட மீட்டிங் குறிப்புகளும்.

இங்கே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வேலை நடக்கும் முறை ஒன்று. அந்த முறையைத் தாங்கி நிற்கும் பொருள் இன்னொன்று: டெம்ப்ளேட், ஸ்கிரிப்ட், ரன்புக் (வேலையைப் படிப்படியாகச் சொல்லும் கையேடு), எஸ்டிமேட் போடும் சூத்திரம். அந்த முறை ஒருதடவை ஓடியதற்கான தடயம் மூன்றாவது: நிரப்பிய செக்லிஸ்ட், ஒப்புதல் மெயில், மீட்டிங் குறிப்பு. பட்டியலில் வர வேண்டியது நடுவில் இருப்பது மட்டும், அதுதான் செயல்முறைச் சொத்து. காலி செக்லிஸ்ட் சொத்து, நிரப்பியது பதிவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ப்ராஜெக்ட்டுகளுக்குப் போட்ட எஸ்டிமேட்டும் உண்மையில் ஆன நேரமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், அடுத்த கிளையன்ட்டுக்கு விலை சொல்ல அதுதான் ஆதாரம். தனித்தனியாக இருக்கும்போது பதிவு, சேர்ந்தபின் சொத்து. நிறுவனச் செயல்முறைகளை மதிப்பிடும் சிஎம்எம்ஐ மாதிரியிலும் அளவீட்டுக் களஞ்சியத்துக்கு என்று தனி இடம் உண்டு. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டின் கையேடு இந்த வகைச் சொத்துகளை இரண்டாகப் பிரிக்கிறது: நடைமுறைகளும் கொள்கைகளும் ஒரு பக்கம், அறிவுக் களஞ்சியங்கள் இன்னொரு பக்கம். தொடங்குவதற்கு இந்த இரண்டு பெட்டி போதும். பதினைந்து, இருபது வகை போட்டு ஆரம்பித்த பட்டியல் எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

களையெடுக்க ஒரு கேள்வி: ‘இதை இன்று எடுத்துவிட்டால் அடுத்த ரிலீஸுக்குள் யார் வந்து கேட்பார்?’ ஆள் பெயர் வராவிட்டால் வரியைத் தூக்கிவிடுங்கள். பக்கத்தை அழிக்க வேண்டாம், பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தால் போதும்.

பட்டியல் சுத்தம், ஆனால் ஒருவர் லீவு போட்டால் ரிலீஸ் நிற்கிறது

இது முதல் அறிகுறிக்கு நேர்மாறு, அதைவிட ஆபத்தானது. சொத்து இருக்கிறது, ஆனால் பட்டியலில் இல்லை. அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லீவு காலண்டரையும் ரிலீஸ் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த ஆள் இல்லாத வாரங்களில் ரிலீஸ் தள்ளிப்போயிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் சாட் குழுவில் ‘அவரைக் கேளுங்க’ என்ற பதில் யாரை நோக்கி அதிகம் போகிறது என்று தேடுங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்தான் உங்கள் இலக்கு.

அடுத்தது, இருக்கும் ரன்புக்கை வேறொருவர் கையில் கொடுத்து வேலையைச் செய்ய வையுங்கள். தெரிந்தவர் பின்னால் உட்காரட்டும். தானாக வாய் திறக்கக் கூடாது. செய்பவர் கேட்காமல் நகர முடியாத இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, நடுவில் இப்படி ஒரு பேச்சு வரும்:

‘இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை சிவப்பா வருதே, நிறுத்தணுமாங்க?’

‘அது எப்பவும் அப்படித்தான் வரும், விட்டுடுங்க. அதுக்குக் கீழ இன்னொன்னு வந்தா மட்டும் நிறுத்துங்க.’

இந்த இரண்டாவது வரிதான் சொத்து. எந்தச் சிவப்பைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது எந்த ரன்புக்கிலும் இருக்காது. எழுதியவருக்கு அது அவ்வளவு பழகிப்போயிருக்கும்.

எழுதாத நடைமுறையின் விலை என்ன என்று மேலிடம் கேட்டால் காட்ட ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஜூலை கடைசியில் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தச் சர்வரில் 2003-லேயே உபயோகத்தை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் அப்படியே கிடந்தது. புதிய வசதிக்காக மறுபடி எடுத்துக்கொண்ட ஒரு ஃபிளாக் (நிரலின் ஒரு பகுதியை இயக்கும் குறி) அதைத் தட்டி எழுப்பியது. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்து சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே கோளாறைக் குறிப்பிடும் 97 தானியங்கி மெயில்கள் உள்ளே வந்திருந்தன, அவற்றை எச்சரிக்கையாக எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. கோளாறைத் தேடும் அவசரத்தில், சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 அக்டோபரில் போட்ட உத்தரவைப் படித்தால், ஏற்றிய நிரலை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் எந்த நடைமுறையும் அங்கே இல்லை என்பது தெரியும். திறமையான ஆட்கள் இருந்தார்கள். இல்லாமல் போனவை ஒரு செக்லிஸ்ட்டும், பின்வாங்கும் முறையை எழுதிய ஒரு தாளும்.

சரி, தலைக்குள் இருப்பதை எந்த வகையில் போடுவது? ஆளைச் சொத்தாகப் போடாதீர்கள். அவர் மூன்று மாத நோட்டீஸில் போய்விடலாம். எழுத்தில் வரும்வரை அது ‘ஆள் சார்ந்தது’ என்ற தனிப் பெட்டியில், ஆபத்தாக நிற்கட்டும். ஒரு சிஸ்டத்தை எங்கே உடைத்து இரண்டாக்கலாம் என்ற ஆர்க்கிடெக்ட்டின் கணிப்பு போல சிலது எழுத்தில் வரவே வராது. அவற்றுக்கு எதிரே இரண்டாவதாகக் கற்றுக்கொள்பவரின் பெயரை எழுதுங்கள்.

ஆவணம் இருக்கிறது, அவசரத்துக்கு உதவவில்லை

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், ஐந்து வழிகள் இருந்தும் எதையும் நம்பி எடுக்க முடியவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பில் இருந்ததால் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ கையொப்பச் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அவர்களே வெளியிட்ட அறிக்கையில், பேக்கப் நடைமுறையை ஏன் அவ்வப்போது சோதிக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் எழுதிய பதில்: அதற்குப் பொறுப்பாளர் என்று யாரும் இருக்கவில்லை. பட்டியல் போடும் எல்லோரும் அந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

ஆகவே பட்டியலில் ‘கடைசியாகத் திருத்திய தேதி’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘கடைசியாக நடத்திப் பார்த்த தேதி’ என்று வையுங்கள். நேற்று ஒருவர் எழுத்துப் பிழை திருத்தினாலும் முதல் தேதி புதிதாகிவிடும். இரண்டாவது அப்படி ஏமாற்றாது. கட்டம் காலியாக இருந்தால் அந்த வரிக்கு ‘உத்தேசச் சொத்து’ என்று பெயர் கொடுங்கள். பொறுப்பாளர் கட்டத்தில் டீம் பெயர் போடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். டீம் மெயிலுக்கு யாரும் பதில் போடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஒரே பொருளுக்கு மூன்று துறை மூன்று பெயர் சொல்கிறது

நிரலைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷன்ஸ் அதை ‘முக்கியமான கருவி’ என்கிறது. சட்டப் பிரிவு ‘பதிப்புரிமை உள்ள படைப்பு, வணிக ரகசியமும்கூட’ என்கிறது. ஃபைனான்ஸ் ‘சொத்தே இல்லை, போன காலாண்டிலேயே சம்பளச் செலவில் போய்விட்டது’ என்கிறது. கூட்டம் போட்டு யார் சரி என்று தீர்க்கப் பார்ப்பார்கள், தீராது. மூன்றும் சரி.

ஒரு வீட்டுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு எண், தாலுகா அலுவலகத்துப் பட்டாவில் ஒரு எண், மாநகராட்சி வரி ரசீதில் ஒரு எண் என்று இருக்கிறதே, அப்படித்தான் இதுவும். ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் கேள்வி வேறு. ஆபரேஷன்ஸ் கேட்பது ‘இது நின்றால் எது நிற்கும்?’ சட்டப் பிரிவு கேட்பது ‘இது யாருடையது, யாரைத் தடுக்கலாம்?’ ஃபைனான்ஸ் கேட்பது ‘இதற்கான செலவை வரும் ஆண்டுகளுக்குத் தள்ளலாமா?’

செய்ய வேண்டியது எளிது: ‘வகை’ என்ற ஒரே நெடுவரிசையை மூன்றாக உடையுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையே நிரப்பட்டும். ஒன்றில் ‘இல்லை’ என்று வந்தால் மற்ற இரண்டும் மாற வேண்டிய அவசியமில்லை. அடுத்து வரும் மூன்று அறிகுறிகளும் இந்த உடைப்பைச் செய்யாததால் கிளைப்பவைதான்.

ஃபைனான்ஸ் எதையும் ஏற்க மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் அவர்கள் சொல்வது நியாயம். இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் இண்ட் ஏஎஸ் 38 என்ற கணக்கியல் தரம், புலனாகாச் சொத்துக்கு (கையால் தொட முடியாத சொத்து) மூன்று இலக்கணம் சொல்கிறது: தனியாக அடையாளம் காண முடிய வேண்டும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், எதிர்காலத்தில் பொருளாதாரப் பலன் தர வேண்டும். அடையாளம் என்றால் பிரித்து விற்கக்கூடியதாகவோ, ஒப்பந்தம் அல்லது சட்ட உரிமையிலிருந்து பிறந்ததாகவோ இருப்பது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் பலன் தருகிறார்கள்தான், ஆனால் அவர்கள்மேல் போதிய கட்டுப்பாடு இல்லை என்று அந்தத் தரமே சொல்லி விலக்குகிறது. பயிற்சிச் செலவும் சொத்தின் விலையில் சேராது.

உள்ளேயே உருவாக்கியதற்கு இன்னும் கடுமை. ஆராய்ச்சிக் கட்டச் செலவு முழுவதும் செலவுதான். உருவாக்கக் கட்டச் செலவைச் சொத்தாக்க ஆறு நிபந்தனைகள்: தொழில்நுட்ப ரீதியாக முடிக்க முடியும், முடிக்கும் எண்ணம் உண்டு, பயன்படுத்தவோ விற்கவோ முடியும், பலன் எப்படி வரும் என்று காட்ட முடியும், முடிக்கப் போதிய வளம் இருக்கிறது, செலவை நம்பகமாக அளக்க முடியும். இரண்டு கட்டத்தையும் பிரிக்க முடியாவிட்டால் எல்லாமே ஆராய்ச்சியாகிவிடும். இந்த ஒரு வரியில்தான் நிறைய டீம்கள் தோற்கின்றன. டைம்ஷீட்டில் எல்லாம் ‘உள் வேலை’ என்று ஒரே குறியீட்டில் போட்டுவிட்டு, ஆண்டுக் கடைசியில் எந்த ஸ்பிரின்ட்டிலிருந்து (சில வார வேலைச் சுற்று) உருவாக்கம் தொடங்கியது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஒருதடவை செலவாக எழுதியதைப் பின்னால் திரும்ப எடுத்துச் சொத்தாக்கவும் முடியாது.

எனவே நடைமுறையில், உள்ளே கட்டிய பில்ட் தளம், தானியங்கிச் சோதனை அமைப்பு போன்ற நிரல்களுக்கு மட்டும் முயலுங்கள். ஆறு நிபந்தனையும் நிறைவேறிய நாளை ஒரு குறிப்பாக எழுதி ஃபைனான்ஸின் ஒப்புதலோடு வைத்து, அன்றிலிருந்து டைம்ஷீட்டுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். ரன்புக், செக்லிஸ்ட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம், தேறாது. கிளவுடில் வாடகைக்கு எடுத்த மென்பொருளை நம் வேலைக்கு ஏற்ப அமைத்த செலவும் பல நேரங்களில் தேறாது. அந்த மென்பொருள் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே காரணம். சர்வதேசத் தரங்களுக்கான விளக்கக் குழு 2021-ல் இதைத் தெளிவாக்கியது. பழைய ஏஎஸ் 26 தரத்தைப் பின்பற்றும் சிறிய நிறுவனமாக இருந்தால், சொத்தின் ஆயுட்காலம் பத்தாண்டுக்கு மேல் போகாது என்ற அனுமானம் அதில் உண்டு. அதை மீற வலுவான ஆதாரம் வேண்டும்.

ரூபாய் மதிப்பு இல்லாமலே ஒரு வரி பட்டியலில் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் புத்தகத்தில் பூஜ்யம், வாங்க வந்தவர் புத்தகத்தில் கோடிகள்

கோளாறு எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது இண்ட் ஏஎஸ் 103 என்ற கணக்கியல் தரம் வருகிறது. விற்றவர் கணக்கில் காட்ட முடியாத அடையாளம் காணக்கூடிய சொத்துகளையும், நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி உட்பட, வாங்கியவர் நியாய மதிப்பில் காட்ட வேண்டும். இதற்கான சர்வதேசத் தரத்தின் எடுத்துக்காட்டுகள் சொத்துகளை ஐந்தாகப் பிரிக்கின்றன: சந்தை, வாடிக்கையாளர், கலை, ஒப்பந்தம், தொழில்நுட்பம். ரகசியச் செயல்முறைகளும் காப்புரிமை பெறாத நுட்பங்களும் கடைசி வகையில் வரும். கூடி வேலை செய்து பழகிய ஊழியர் கூட்டத்துக்கு மட்டும் தனி வரி கிடையாது. நற்பெயர் மதிப்பில் (குட்வில்) கரைந்துவிடும்.

இங்கே வரி விவகாரம் ஒன்று உண்டு. இந்திய வருமான வரியில் தொழில்நுட்ப அறிவு, காப்புரிமை, உரிமம் போன்றவற்றுக்கு 25 சதவீதத் தேய்மானம் கிடைக்கிறது. நற்பெயருக்கு 2021-ன் நிதிச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. தொழிலையே மொத்தமாக வாங்கும் பேரங்களில், எழுத்தில் இருக்கும் செயல்முறை எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் பணம் இருக்கிறது. வாங்குபவரின் ஆட்கள் உங்கள் ரன்புக்குகளை ஏன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று புரிகிறதா? பங்குகளை மட்டும் வாங்கும் பேரத்தில் இந்த ஆர்வம் இருக்காது.

யாருடையது என்று கேட்டால் மௌனம்

சேவை நிறுவனங்களில் இது தினசரிப் பிரச்சினை. கிளையன்ட் ப்ராஜெக்ட்டில் உருவான நல்ல டெம்ப்ளேட்டை யாரோ நகலெடுத்துப் பொதுக் கோப்புறையில் போட்டிருப்பார்கள். நம்முடையது என்று பட்டியலிலும் ஏறிவிடும். ஒப்பந்தத்தைத் திறந்தால், அந்த வேலையில் உருவான அனைத்தும் கிளையன்ட்டுக்கே என்று எழுதியிருக்கும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் பணியின்போது எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. ஃப்ரீலான்சருக்கு இது பொருந்தாது. அவரிடமிருந்து எழுத்தில் உரிமை மாற்றம் வாங்க வேண்டும். வாங்கினாலும் பிரிவு 19-ஐப் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ‘எல்லா உரிமையும் கம்பெனிக்கே’ என்று ஒரே வரியில் முடித்த ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தூக்கம் வராது.

ஒவ்வொரு வரிக்கும் ‘யார் காசில், யார் கையால், எந்த ஒப்பந்தத்தின் கீழ்’ என்று மூன்று சிறு கட்டங்கள் வையுங்கள். பதில் தெரியாத வரிகளைச் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதுவரை அவற்றை வேறு கிளையன்ட் வேலைக்கு எடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் ‘ரகசியம்’ முத்திரை, எல்லோருக்கும் திறந்த கோப்புறை

செயல்முறையைக் காக்கக் காப்புரிமை வாங்கிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறைகளையும் அல்காரிதங்களையும் வெறும் கணினி நிரலையும் விலக்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது வணிக ரகசியம். அதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால் இதுவரை ஒப்பந்தத்தையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வைத்தே சமாளித்து வந்திருக்கிறார்கள். சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அறிவுசார் சொத்துரிமைக்கான சர்வதேச டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39-வது பிரிவு ரகசியத்துக்குக் கேட்பது மூன்று: பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே மதிப்பு இருக்க வேண்டும், காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் ஓட்டை விழும். யார் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லாத கோப்புறையில் முத்திரைக்கு அர்த்தமில்லை. தைவானின் டிஎஸ்எம்சி தன் சிப் தயாரிப்பு ரகசியங்களுக்காக சீனாவின் எஸ்எம்ஐசி மீது வழக்குப் போட்டு, 2005-ல் 17.5 கோடி டாலருக்கும், மறுபடி 2009-ல் 20 கோடி டாலரும் பங்குகளும் என்று சமரசம் கண்டது. மதிப்பு அந்த அளவுக்குப் போகும்.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. கிட்லேப் தன் வேலை முறைகளை எழுதிய கையேட்டையே இணையத்தில் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. ‘போட்டியாளர் கையில் இது கிடைத்தால் நமக்கு என்ன போகும்?’ என்று வரி வரியாகக் கேளுங்கள். லீவு விண்ணப்ப நடைமுறைக்கு முத்திரை தேவையில்லை.

ஆடிட் வாரத்தில் மட்டும் பட்டியல் விழிக்கிறது

தனி ஆவணமாக வைத்திருப்பதுதான் காரணம். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001:2022 எப்படியும் தகவல் சொத்துகளின் பட்டியலையும் அவற்றின் பொறுப்பாளரையும் கேட்கிறது. இதையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015-ன் 7.1.6 பிரிவு கேட்கும் நிறுவன அறிவுக்கும் அதையே காட்டலாம்.

அப்புறம், ஆண்டு மதிப்பாய்வு என்று ஒன்று வைக்காதீர்கள். ஒவ்வொரு பெரிய கோளாறுக்கும் பிறகு எழுதும் அறிக்கையின் அடியில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: ‘பட்டியலில் எந்த வரி உதவியது, எந்த வரி இல்லாமல் போனது?’ பதில் எழுதாமல் டிக்கெட்டை மூட முடியாதபடி டிக்கெட்டுகளை வைத்திருக்கும் ஜிரா மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.